தனி நேர்காணலா, குழுவாக நினைவுகூரலா?

இலங்கையின் வடக்கே வன்னியில் போர்க்கால இடப்பெயர்வு அனுபவங்களைத் திரட்ட முனையும் மாணவர்கள் பலர், தனித்தனியே கேட்பதா, குழுவாக இருத்திக் கேட்பதா என்று தயங்குகின்றனர்.

நேரம்: குழுவாயின் ஒரு பின்னேரம் போதும். தனி நேர்காணலில் ஒரு மணிநேர ஒலிப்பதிவை எழுத்தாக்கவே பல மணிநேரம் செல்லும்.

வரிசை: இங்கே குழு கைகொடுக்கும். 2008, 2009இல் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, மாத்தளன் என்று நகர்ந்த பாதையை ஒருவர் சொல்லும்போது, "இல்லையக்கா, தருமபுரத்தில இருக்கேக்கைதான் வெள்ளம் வந்தது" என்று மற்றவர் திருத்துவார். ஆயினும் ஒருவரின் பிழை இன்னொருவரின் நினைவில் தொற்றுவதை உளவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. கூடியிருந்து நினைவுகூர்பவர்கள், அதே எண்ணிக்கையானோர் தனித்தனியே கூறுவனவற்றின் தொகையைவிடப் பெரும்பாலும் குறைவாகவே மீட்கின்றனர் என்பதும் அவ்வாய்வுகளில் தெரியவந்தது.

அந்தரங்கம்: குழுவில் இரகசியத்துக்கு உத்தரவாதமில்லை. பிள்ளையைத் தொலைத்த தாய் அயலார் முன்னிலையில் பங்கர் (பதுங்குகுழி) வெட்டிய கதையோடு நிறுத்திக்கொள்வார். தனியே இருக்கும்போதோ, முந்தானையை விரலில் சுற்றியபடி நெடுநேரம் பேசாதிருந்து, பிள்ளை அன்று போட்டிருந்த சட்டையின் நிறத்திலிருந்து தொடங்குவார். அந்த மௌனத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பாதையையும் நாள்களையும் ஆராய்வோருக்குக் குழுவும், இழப்பை ஆராய்வோருக்குத் தனி நேர்காணலும் பொருந்தும். இரண்டும் தேவையெனில் தனி நேர்காணல்களை முதலில் முடித்துவிடுங்கள்.