டிட்டா: மூன்று வருடம் பயன்படுத்திய பிறகு

நான் கையேடு எழுதுவது மருந்தேற்றும் பம்புகளுக்கு. மாடல்கள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் செவிலியருக்கு ஒரு கையேடு, டெக்னீஷியனுக்கு ஒன்று. முன்பு இவை ஆறு வேர்ட் கோப்புகள். பேட்டரி எச்சரிக்கையில் ஒரு வரி மாறியபோது ஐந்தில் திருத்தினேன், ஆறாவது பழைய வரியோடு அச்சுக்குப் போய்விட்டது. டிட்டாவுக்கு மாறலாம் என்று நான் பிடிவாதமாகக் கேட்டது அதற்குப் பிறகுதான்.

ஐபிஎம்மில் பிறந்து, 2005-இல் ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பின் தரநிலையாக வந்த முறை இது; ஆவணத்தை எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் எழுதுகிறோம். கையேட்டை ஒரே நீளமாக எழுதாமல் சின்னச் சின்ன டாபிக்குகளாக எழுதி, எந்தக் கையேட்டில் எவை வரவேண்டும் என்பதை ஒரு மேப்பில் கோர்க்கிறோம். வேறோர் இடத்தில் இருக்கும் பத்தியைக் கான்ரெஃப் என்ற இணைப்பு இழுத்து வரும். எந்த மாடலுக்கு எது வேண்டாம் என்பதை டிட்டாவேல் கோப்பு வடிகட்டும். டிட்டா ஓப்பன் டூல்கிட் என்ற மென்பொருள் இலவசம், அதே மூலத்திலிருந்து பிடிஎஃப், எச்டிஎம்எல் இரண்டையும் எடுத்துத் தரும்.

எச்சரிக்கைகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இப்போது பேட்டரி எச்சரிக்கை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அங்கே திருத்திவிட்டு ஆறையும் மறுபடி உருவாக்கினால் போதும். மின்னழுத்த அட்டவணை, பாகங்களின் எண்கள், அலாரக் குறியீடுகள் எல்லாமே அப்படித்தான்.

ஆனால் அந்த வெற்றியில் எல்லாவற்றையும் பகிரப் போனோம், அங்கேதான் இடறியது. "சுத்தம் செய்தல்" என்று ஒரே டாபிக். செவிலியர் வெளிப்புறத்தைத் துடைப்பார், டெக்னீஷியன் மூடியைக் கழற்றுவார். இருவருக்கும் பொருந்த வேண்டும் என்று வரிக்கு வரி நிபந்தனை போட்டோம். கடைசியில் மூலத்தைப் படித்தால் எந்த வரி யாருக்கு என்று எழுதிய எனக்கே புரியவில்லை. அதை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக எழுதினோம். நாலு வரி இரண்டிலும் ஒரேமாதிரி இருக்கிறது, இருக்கட்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொன்று. பொருளின் பெயரை ஓரிடத்தில் வைத்து, மற்ற இடங்களில் கீரெஃப் என்ற குறியால் அதை வரவழைத்தால் ஆங்கிலத்தில் சிக்கல் குறைவு. நமக்கு வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டுமே! "கருவி" என்றால் "கருவியில்", "இயந்திரம்" என்றால் "இயந்திரத்தில்". கீரெஃப் வெறும் சொல்லைத்தான் மாற்றும், அதனால் "இயந்திரம்இல்" என்று அச்சாகும். சொல்லையோ பாதி வாக்கியத்தையோ பகிராதீர்கள். குறைந்தது முழு வாக்கியம், முடிந்தால் முழுப் பத்தி.

ஒரே மாடல், ஒரே மொழி, நாற்பது பக்கம், வருடத்துக்கு ஒரு திருத்தம் என்றால் டிட்டா தேவையில்லை. டாபிக்காகப் பிரிக்கவும் பிடிஎஃப் வடிவமைப்பைச் சரிசெய்யவும் ஆகும் நேரத்தை அந்த ஒரு கையேடு திருப்பித் தராது. மாடல்கள் பெருகுகின்றன, மொழிபெயர்ப்பு உண்டு, பாதுகாப்பு வரிகள் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும் என்றால் தயங்காமல் எடுங்கள். "மேலே உள்ள படத்தில்" போன்ற தொடர்களை மட்டும் முதலிலேயே களைந்துவிடுங்கள், டாபிக் இடம் மாறியதும் அந்த "மேலே" பொய்யாகிவிடும்.

ஒவ்வொரு கையேட்டின் அறிமுகத்தையும் இப்போது நான் தனியாகத்தான் எழுதுகிறேன். இரவுப் பணியில் அலாரம் அடிக்கும்போது திறப்பவருக்கும், மேசையில் பம்பைப் பிரித்து வைத்திருப்பவருக்கும் முதல் பக்கத்தில் வேண்டியது வேறு வேறு.