எடையே பார்க்காத அவசரப் பிரிவு: எங்கள் பாப்பாவுக்கு நடந்தது

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். கோபத்தோடு எழுதினால் ஒன்றைப் பத்தாக்கிவிடுவேனோ என்று பயம். இப்போது கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பில்லும் மற்ற காகிதங்களும் மேசைமேல் இருக்கின்றன, அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கே மட்டும் போகாமல் இருப்பீர்கள், இது வேறு எங்கேயும் நடக்கக்கூடியது.

பாப்பாவுக்கு 14 மாதம். அன்று காலையிலிருந்து நான்கைந்து முறை தண்ணீராகப் போனது. மாலை அது நின்று வாந்தி ஆரம்பித்தது. இரவு ஒன்பதரைக்குக் காய்ச்சல் 38.9 டிகிரி செல்சியஸ். வீட்டிலிருந்த பாராசிட்டமால் சிரப் 5 மி.லி. கொடுத்தோம், அது மட்டும் எப்படியோ உள்ளே நின்றது. ஆனால் நாலு மணிக்கு மாற்றிய டயப்பர் பதினொரு மணிக்கும் காய்ந்தே இருந்தது. அழுதாள், கண்ணில் நீர் இல்லை. "விடியட்டும்னு உக்காந்திருக்க வேணாங்க" என்றாள் மனைவி. கிளம்பிவிட்டோம். கிளம்பியது சரிதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர் முதலில் கேட்டது போன் நம்பர். அப்புறம் பெயர், காப்பீட்டு அட்டை, முன்பணம். "என்ன பிராப்ளம் சார்?" என்று கடைசியில் கேட்டார். ஏழு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, வாந்தி நிற்கவில்லை, துவண்டு கிடக்கிறாள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் திரையை எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு சொல்தான் இருந்தது: காய்ச்சல்.

"உக்காருங்க, கூப்பிடுவாங்க."

ஒரு மணி ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த சிலர் முன்னால் போனார்கள். அதில் எனக்குக் குறையே இல்லை. அவசரப் பிரிவில் முன்னால் வந்தவர் முன்னால் போவது என்ற வரிசை கிடையாது, மோசமாக இருப்பவர்தான் முதலில் போக வேண்டும். ஆனால் யார் மோசம் என்று தெரிய யாராவது வந்து குழந்தையைப் பார்க்க வேண்டுமே? உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கென்றே ஒரு தரம்பிரிக்கும் முறை வைத்திருக்கிறது. உடனே பார்க்க வேண்டியவர்கள், முன்னுரிமை தர வேண்டியவர்கள், காத்திருக்கக்கூடியவர்கள் என்று மூன்று பிரிவு. மூச்சு எப்படி இருக்கிறது, கை ஜில்லென்று இருக்கிறதா, நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, சுயநினைவோடு இருக்கிறதா, கண் குழிந்திருக்கிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிகிறதா. பழகிய கைக்கு ஒரு நிமிட வேலை. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை மற்ற அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் முன்னுரிமைப் பிரிவில்தான் வைக்க வேண்டும். எங்களை யாரும் எந்தப் பிரிவிலும் வைக்கவில்லை. எங்களிடம் இருந்தது ஒரு டோக்கன்.

இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் எழுந்து போய், "ஒரு நர்ஸ் வந்து ஒரு தடவை குழந்தையைப் பார்க்கட்டும், அப்புறம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்காருறேன்" என்று சொல்லியிருப்பேன். நீங்கள் சொல்லுங்கள். கத்த வேண்டாம், அப்படிக் கேட்டால் போதும்.

உள்ளே போனதும் இளம் டாக்டர் ஒருவர். பாவம், கண்ணெல்லாம் தூக்கம். அவர்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. "வயசு?" என்றார். பதினான்கு மாதம் என்றேன். எழுதினார். எடை எவ்வளவு என்று கேட்கவில்லை. சுவரோரம் குழந்தைகளுக்கான எடைக்கருவி இருந்தது, அதன்மேல் பஞ்சு டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்க்கவில்லை, மூச்சை எண்ணவில்லை. வேறு ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்றும் கேட்கவில்லை.

சற்று நேரத்தில் நர்ஸ் ஒருவர் ஊசியில்லாத சிரிஞ்சில் இளஞ்சிவப்பு மருந்தோடு வந்தார். "காய்ச்சலுக்கு. வாயைத் திறக்கச் சொல்லுங்க."

"என்ன மருந்துங்க?"

"பாராசிட்டமால்தான்."

"ஒன்பதரைக்கே அஞ்சு மி.லி. கொடுத்திருக்கோமே" என்றாள் மனைவி. மணி அப்போது ஒன்று ஆகப்போகிறது, நான்கு மணி நேரம் இன்னும் ஆகவில்லை. "இதுவும் அஞ்சுதான்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். மனைவி விடவில்லை, பாட்டிலைக் காட்டச் சொன்னாள். வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். 5 மி.லி.க்கு 250 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. நாங்கள் வீட்டில் கொடுத்தது 5 மி.லி.க்கு 120 மில்லிகிராம் சிரப். அளவு அதே ஐந்து, உள்ளே இருக்கும் மருந்து இரண்டு மடங்குக்கு மேல்.

குழந்தைக்குப் பாராசிட்டமால் வயதை வைத்துத் தோராயமாக ஊற்றும் மருந்து இல்லை. வழக்கமான கணக்கு, ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், இரண்டு வேளைக்கு நடுவில் நான்கிலிருந்து ஆறு மணி நேரம். மூன்று வாரம் முன்பு தடுப்பூசிக்குப் போனபோது பாப்பா 9 கிலோ. அப்படியென்றால் அதிகபட்சம் 135 மில்லிகிராம். சிரிஞ்சில் இருந்தது 250. ஒரே ஒரு வேளை இப்படிக் கூடிப்போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்று பிறகு எங்கள் வழக்கமான டாக்டர் சொன்னார். இதையே ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று இரண்டு நாள் கொடுத்தால் ஈரலுக்கு ஆபத்து என்பதையும் அவர்தான் சொன்னார். எடையே பார்க்காத இடத்தில் இந்தக் கணக்கை யார் போடுவார்கள்? நாங்கள்தான் போட்டோம், நடு ராத்திரி, போன் கால்குலேட்டரில்.

அடுத்தது விரல் கிளிப். ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி, பெரியவர்களுடையது. பாப்பாவின் விரல் அதற்குள் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். அவள் கையை உதற உதற அது நழுவியது. திரையில் 81 என்று காட்டியது. இன்னொருவர் வந்தார், "சாச்சுரேஷன் டவுன், ஐ.சி.யூ.ல வைக்கணும், இதுல கையெழுத்துப் போடுங்க" என்று காகிதத்தை நீட்டினார். எனக்குக் கால் ஆடிவிட்டது. கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டேன், அதை மறைப்பானேன்.

அந்த நேரத்தில் ஷிஃப்ட் மாறி வந்த மூத்த நர்ஸ் ஒருவர் கிளிப்பைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். டிராயரைத் திறந்து, பிளாஸ்டர் மாதிரி ஒட்டும் சிறிய சென்சார் ஒன்றை எடுத்துக் கால் பெருவிரலில் சுற்றினார். கையால் மூடிப் பிடித்துக்கொண்டு பாப்பா அசையாமல் இருக்கும்வரை காத்திருந்தார். 97, 98, 98. "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லைம்மா, கிளிப்தான் பெருசு" என்றார். ஐ.சி.யூ. பேச்சு அதோடு நின்றது. அந்த அம்மா அன்று அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என்ற நினைப்புதான் இன்னும் போகவில்லை. குழந்தை கை கால் ஜில்லென்று இருந்தாலோ, அசைந்தாலோ, கிளிப் பொருந்தாவிட்டாலோ அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. திரையில் அலை சீராக ஓடுகிறதா, நாடித்துடிப்பு எண் நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள். அதற்காகக் குறைந்த எண் வந்தாலே பொய் என்று நினைத்துவிடவும் வேண்டாம். சரியான சென்சாரில் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது தண்ணீர் பாட்டில்தான். மனைவி பையிலிருந்து எடுத்ததும் பாப்பா பாய்ந்து அதைப் பிடித்தாள். இரண்டு கையாலும் இழுத்தாள். "வாந்தி எடுக்கும், கொடுக்காதீங்க, டிரிப் போடணும்" என்று வாங்கி வைத்துவிட்டார்கள். எரிச்சலோடு, தாகத்தோடு, ஆசையாகக் குடிக்கும் குழந்தைக்கு ஓரளவு நீரிழப்பு இருக்கிறது என்று அர்த்தம், கடுமையான நீரிழப்பு இல்லை. ஓரளவு நீரிழப்புக்கு முதல் வைத்தியம் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு, சர்க்கரைக் கரைசல்: ஒரு கிலோவுக்கு 75 மி.லி. வீதம், நான்கு மணி நேரத்தில். ஒன்பது கிலோவுக்கு 675 மி.லி. மொத்தமாகக் குடிக்க வைத்தால் வாந்தி வரும்தான். ஓரிரு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன், வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டு, திரும்ப இன்னும் மெதுவாக. இதற்கு ஊசி வேண்டாம், பக்கத்தில் உட்காரப் பொறுமை வேண்டும். குழந்தை குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தாலோ, எழுப்பினாலும் எழாவிட்டாலோதான் டிரிப் அவசரம். அப்போது யாரும் தயங்கக் கூடாது.

பாப்பாவுக்கு நரம்பு கிடைக்கவில்லை. வலது கை, இடது கை, திரும்ப வலது கை, கால், கடைசியில் இன்னொரு கால். ஐந்து குத்து. நான்காவதில் அவள் அழுவதை நிறுத்திவிட்டு மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஏன் என்று கேட்டேன். "புரோட்டோகால்" என்றார்கள். இருமல்கூட இல்லாத குழந்தை. சரி, விடுங்கள்.

காலை ஒன்பது மணிக்குக் குழந்தை மருத்துவர் வந்தார். கதவருகே நின்று ஃபைலைப் பார்த்தார், "ஃபைன், இன்னும் ரெண்டு நாள் அப்சர்வேஷன்" என்றார், போய்விட்டார். அதற்குள் பாப்பா சிறுநீர் போயிருந்தாள், காய்ச்சல் இறங்கியிருந்தது, என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகிறோம் என்றோம். மருத்துவ ஆலோசனையை மீறிப் போவதாக எழுதித் தரச் சொன்னார்கள். எங்கள் வழக்கமான டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தேன். நீங்களும் இன்னொரு டாக்டரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள்.

பில் வந்தது. ஒரே வரியில் மொத்தத் தொகை. பொருள்வாரியாக வேண்டும் என்றேன். "சிஸ்டத்துல வராது சார்" என்றார்கள். அப்படியென்றால் காத்திருக்கிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடத்தில் சிஸ்டத்தில் வந்துவிட்டது. நெபுலைசர் (மாஸ்க் வழியாக மருந்தைப் புகைபோல மூச்சில் இழுக்க வைப்பது), மூன்று முறை. ஆக்சிஜன், நான்கு மணி நேரம். நிபுணர் வருகை, இரண்டு. பாப்பா முகத்தில் ஒரு நிமிடம்கூட மாஸ்க் ஏறவில்லை. கதவருகே நின்ற நிபுணர் ஒருமுறைதான் நின்றார். "இந்த நெபுலைசரை எத்தனை மணிக்கு யார் போட்டார்கள், நர்ஸ் குறிப்பில் காட்டுங்கள்" என்று மட்டும் கேட்டேன். பில் கவுண்டரில் இருந்தவர் ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து மூன்று வரியையும் அடித்துவிட்டுப் புதிய பில் கொடுத்தார். மன்னிப்பு, விளக்கம், எதுவும் இல்லை. தகராறு செய்திருந்தால்கூட ஏதோ குழப்பம் என்று நினைத்திருப்பேன். அவ்வளவு சுலபமாக அடித்துக் கொடுத்ததில்தான் எனக்கு வயிறு எரிந்தது. கேட்காதவர்கள் எத்தனை பேர்?

கொடுத்து அனுப்பிய மருந்துச் சீட்டில் ஆன்டிபயாட்டிக் இருந்தது, வாந்தி மருந்து இருந்தது, ஏதோ டானிக்கும் இருந்தது. ஓ.ஆர்.எஸ். இல்லை.

நேரே எங்கள் டாக்டரிடம் போனோம். அவர் வாயைத் திறக்கும் முன் உதவியாளர் பாப்பாவின் உடையைக் கழற்றி எடை போட்டார்: 8.7 கிலோ. டிரிப் ஏறிய பிறகும் 300 கிராம் குறைவு. எவ்வளவு நீர் போயிருக்கிறது என்பதற்கு எடையைவிட நல்ல அளவுகோல் இல்லை என்றார் டாக்டர். மலத்தில் ரத்தம் இல்லாததால் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தினார், இந்த வயதில் இது பெரும்பாலும் வைரஸால் வருவது. ஓ.ஆர்.எஸ்., 14 நாளுக்குத் தினம் 20 மில்லிகிராம் துத்தநாகம், வழக்கமான சாப்பாடு, தாய்ப்பால். அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு யாரும் அவசரப் பிரிவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள், அது என் நோக்கமே இல்லை. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி வந்தாலே ஓடுங்கள். விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணி, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50க்கும், அதற்கு மேல் ஐந்து வயது வரை 40க்கும் மூச்சு ஏறினாலோ ஓடுங்கள். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால், வாந்தி பச்சையாக வந்தால், கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத தடிப்பு இருந்தால், யோசிக்கவே வேண்டாம். பணக் கவுண்டரில் நிற்பதற்கு முன் குழந்தையைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. பாப்பாவின் எடை, எடை பார்த்த தேதி, வீட்டில் இருக்கும் சிரப்பின் வீரியம், கடைசியாக மருந்து கொடுத்த நேரம். மனைவி பென்சிலால் எழுதுகிறாள், மாதம் ஒருமுறை அழித்து மாற்றுகிறாள்.

மருத்துவமனைக்குப் புகார்க் கடிதம் அனுப்பினேன். எடைக்கருவி, கிளிப், பாட்டில், நெபுலைசர், எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதினேன். அதற்குப் பதில் இதுவரை இல்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்கு மாலையே வந்த குறுஞ்செய்தி மட்டும் போனில் இன்னும் இருக்கிறது: எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தி அளித்ததா, ஐந்து நட்சத்திரம் தாருங்கள்.