லே பிரீச்சரா, முழுநேரப் போதகரா?

சென்னை மெதடிஸ்ட் சபைகளில் ஊழிய வாஞ்சை உள்ளவருக்கு இரண்டு வழி உண்டு. வேலையை விடாமல், குருப்பட்டம் இல்லாமலே பிரசங்கிக்கும் லே பிரீச்சர் ஆகலாம். இல்லையேல் குருப்பட்டம் பெற்று முழுநேரப் போதகர் ஆகலாம். நான் முதல் வழிக்காரன், என் தராசு அந்தப் பக்கம்தான் சாயும்.

முதலில் உங்கள் சபை எது என்று பாருங்கள். ராயப்பேட்டை வெஸ்லி ஆலயம், பல சபைகள் இணைந்த 1947 ஒன்றிப்பிலிருந்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). அங்கே பேராய விதிகள்தான். இங்கே பேசுவது அமெரிக்க மிஷன் வழிவந்த, வேப்பேரி எம்மானுவேல் போன்ற சபைகளை.

படிப்பு விஷயம் தெரிந்ததே. முழுநேரத்துக்குக் கீழ்ப்பாக்கம் குருக்குல் போன்ற இறையியல் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் பி.டி. என்ற இறையியல் பட்டம், பிறகு தகுதிகாண் காலம், அப்புறம் குருப்பட்டத்தின் இரண்டு படிகளான டீக்கன், எல்டர். லே பிரீச்சருக்குப் போதகரின் சிபாரிசு, அடிப்படைப் பாடங்கள், கான்பரன்ஸ் (சபைகளின் நிர்வாகக் கூட்டம்) தரும் உரிமம், அதன் புதுப்பிப்பு. சம்பளம் எதிர்பார்க்க வேண்டாம்.

தீர்மானிப்பது இடமாறுதல்தான். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி காலத்திலிருந்தே மெதடிஸ்ட் போதகர் ஊர் ஊராக அனுப்பப்படுபவர். ஆண்டு கான்பரன்ஸில் பேராயர் நியமனப் பட்டியலை வாசிப்பார். பெயருக்கு நேரே வரும் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டும். மகள் பத்தாம் வகுப்பு, மனைவிக்கு இங்கே அரசு வேலை, அம்மாவுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் என்றால் அந்தப் பட்டியல் குடும்பத்தையே இரண்டாக்கும். போதகர் குடியிருக்கச் சபை தரும் வீடான பார்சனேஜ் கிடைக்கும், நிஜம். ஓய்வு பெறும்போது சாவியைத் திருப்பித் தர வேண்டும். கையில் சொந்த வீடு இல்லாதவருக்கு அப்போதுதான் வாடகைக் கவலை தொடங்கும். (போதகர் குடும்பங்களை வெளியிலிருந்து பார்த்துச் சொல்கிறேன், உள்ளே இருப்பவர் வேறு மாதிரி சொல்லலாம்.) லே பிரீச்சர் இடம் மாறுவதில்லை. போதகர்கள் வந்து போனாலும் எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார், யார் சபைக்கு வருவதை நிறுத்தினார் என்பது அவருக்குத் தெரியும்.

திருவிருந்து, ஞானஸ்நானம் நடத்துவது குருப்பட்டம் பெற்றவரின் பொறுப்பு. மனம் அதையே நாடினால் பி.டி.க்கு விண்ணப்பியுங்கள்.

லே பிரீச்சர் என்று முடிவெடுத்தால், வீட்டு ஜெபக்கூட்டத்தில் பத்து நிமிடச் செய்தியோடு தொடங்குங்கள். ஞாயிறு பிரசங்கத்துக்கு இருபது நிமிடம் போதும். புதன்கிழமைக்குள் வேதபகுதியை முடிவு செய்து, வெள்ளிக்குள் முழுதாக எழுதி, சனிக்கிழமை கடிகாரம் வைத்து வாய்விட்டு வாசியுங்கள். பெரும்பாலும் சொதப்புவது முடிவில்தான்: கடைசி வாக்கியத்தை எழுதாமல் போகிறவர் மூன்று முறை முடிப்பார், அப்புறம் ஜெபத்தில் அதே பிரசங்கத்தை மறுபடி செய்வார். ஆசீர்வாதம் கூறுகையில் ‘உங்கள் அனைவரோடும்’ என்பது குருவானவர் சொல்வது. லே பிரீச்சர் ‘நம் அனைவரோடும்’ என்று சொல்வதே வழக்கம். மறந்தால் வாசலிலேயே சபைப் பெரியவர் யாராவது திருத்துவார்.