பசுபிக்கை வெட்டாத உலக உருண்டை

எங்கள் வகுப்பில் தொங்கும் உலகப்படத்தில் பசுபிக் சமுத்திரம் இரண்டு துண்டு. கிரிபாட்டி என்ற தீவு நாடு எங்கே என்று கேட்டால் பிள்ளைகள் ஒருவர் இடது ஓரத்திலும் மற்றவர் வலது ஓரத்திலும் விரல் வைப்பார்கள். இரண்டுமே சரிதான், அதுதான் தொல்லை. அதற்காகவே யாழ்ப்பாண நகரத்துப் புத்தகக்கடை ஒன்றில் 30 சென்ரிமீற்றர் உலக உருண்டை வாங்கினேன். விலை 6,800 ரூபா.

பசுபிக்கைத் தன் பக்கம் திருப்பிப் பார்க்கும் பிள்ளை முதலில் கேட்பது, "நிலம் எங்க ரீச்சர்?" பிறகு கிரிபாட்டிக்கு 811 சதுர கிலோமீற்றர் நிலமும் 35 இலட்சம் சதுர கிலோமீற்றர் அளவு கடலும் என்று சொன்னால் நம்புகிறார்கள்.

கடையில் நான் முதலில் தேடியது, ஒரு பக்கம் இன்றும் மறுபக்கம் நாளையுமாகத் திகதி மாறுகிற திகதிக்கோட்டை. நாடு முழுவதும் ஒரே திகதியில் இருக்கவேண்டும் என்று கிரிபாட்டி 1995 இல் அதைக் கிழக்கே தள்ளியது. பக்கத்திலிருந்த மலிவு உருண்டையில் கோடு இன்னும் அந்த நாட்டின் நடுவால் போகிறது. இதில் ஒழுங்காக வளைந்திருக்கிறது.

குறைகளும் உண்டு. பசுபிக்கின் இன்னொரு தீவு நாடான நவுறு 21 சதுர கிலோமீற்றர். இந்த உருண்டையின் அளவுக்கு அது ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குதான் வரும். அச்சடித்த புள்ளி அதைவிடப் பல மடங்கு பெரிது. அதில் யாரென் (Yaren) என்ற பகுதிக்குத் தலைநகரக் குறி வேறு. நவுறுவுக்குச் சட்டப்படி தலைநகரே கிடையாது, அரச அலுவலகங்கள் யாரென் பகுதியில் இருக்கின்றன, அவ்வளவுதான். நவுறுவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெரிய எங்கள் நெடுந்தீவுக்கோ ஒரு புள்ளியும் இல்லை. நாடாக இருந்தால்தான் மை செலவழிப்பார்கள் போலும்.

அந்தப் பசுபிக் தீவுகளில் மனிதர் எப்படிச் சீவிக்கிறார்கள் என்பதை எந்த உருண்டையும் காட்டாது. கிரிபாட்டியின் தாராவாத் தீவில் மழைநீர் முருகைக்கல்லுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் நன்னீர்ப் படையாக நிற்கிறது. அந்த ஈரம் வரை குழி தோண்டி பாபாய் என்ற சேம்பு இனக் கிழங்கை நடுகிறார்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் கிணறுகளிலும் இதே சங்கதிதான். மோட்டரைக் கூடுதலாக ஓட்டினால் தண்ணீர் உவராகிவிடும். அந்தப் பாடத்துக்கு மட்டும் பிள்ளைகளைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போகிறேன்.

அடித்தட்டு இலேசான பிளாஸ்டிக், மேசை ஆடினால் இதுவும் ஆடும். உள்ளே மின்குமிழ் எரிகிற ரகத்தையும் கடையில் காட்டுவார்கள். அது வேண்டாம். விளக்கைப் போட்டால் தீவுகளின் பெயர்கள்தான் முதலில் வெளிறுகின்றன.