ஹார்மோன் பேட்ச் உரிந்து விழுகிறதா: இடம் மாற்றுவதா, டேப் போடுவதா, ஜெல்லுக்குப் போவதா?

மாதவிடாய் நின்ற பிறகு வரும் திடீர் உடல் வெப்பம், இரவு வியர்வை, தூக்கக் கேடு ஆகியவற்றுக்காக மருத்துவர் எழுதித் தரும் ஈஸ்ட்ரோஜன் பேட்ச், தோலில் ஒட்டியிருக்கும் வரைதான் மருந்து. ஓரம் சுருண்டு நைட்டியின் உள்பக்கத்துக்கு இடம் மாறிவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. இன்று பெரிதும் பயன்படும் மெல்லிய பேட்ச்களில் எஸ்ட்ராடியோல் என்னும் ஈஸ்ட்ரோஜன் பசையோடு பசையாகவே கலந்திருக்கிறது. தோலைத் தொடும் பரப்புக்கு ஏற்பவே மருந்து உள்ளே இறங்கும்; ஒரே வகையில் நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம் தரும் பேட்ச் 25 மைக்ரோகிராம் தரும் பேட்சைவிட இரு மடங்கு பரப்புடன் இருப்பது அதனால்தான். ஆகவே பாதி உரிந்த பேட்ச் ஏறத்தாழ பாதி மருந்தையே தரும். முழுவதும் விழுந்துவிட்டால், இரத்தத்தில் ஏறியிருந்த அளவு சுமார் ஒரு நாளுக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிடும். ஊட்டியில் உறைபனி கொட்டும் சனவரி இரவில் கம்பளியை உதறிவிட்டு ஜன்னலைத் திறக்கத் தோன்றினால், முதலில் பேட்ச் இருந்த இடத்தைத் தடவிப் பார்ப்பது நல்லது.

மலையில்தான் வியர்க்காதே, பிறகு ஏன் விழுகிறது என்று சமவெளி உறவினர்கள் கேட்பதுண்டு. நீலகிரியில் வியர்வை வேறு வழியில் வருகிறது: தெர்மல், ஸ்வெட்டர், சால்வை என்று அடுக்கிக்கொண்டு ஏற்றத்தில் நடக்கும்போது, முகம் குளிர்ந்திருந்தாலும் இடுப்பு நனைந்துவிடுகிறது. பனிக்காலத்தில் தோல் வறண்டு செதில் செதிலாக உதிர்வதால், பேட்ச் தோலின் மேல் ஒட்டாமல் அந்தச் செதிலின் மேல் ஒட்டி, அதோடு சேர்ந்தே கழன்று வருகிறது. வறட்சிக்குத் தேங்காய் எண்ணெயும் வாசலினும் தடவினால் பசைக்கு அதைவிடப் பெரிய பகை வேறில்லை. இவற்றோடு, சுமார் 1,850 மீட்டர் உயரத்துக் குன்னூரில் காலையில் புறப்பட்டு, ஒன்றரை மணி நேரத்தில் ஏறத்தாழ 1,500 மீட்டர் இறங்கி, மேட்டுப்பாளையத்து வெயிலில் அதே உள்ளாடைகளோடு நிற்கும் நாட்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கீழே விழுந்த பேட்சுக்கு மாற்று உடனே கிடைக்கும் என்பதும் இல்லை. "ஸ்டாக் இல்லைங்கக்கா, கோயமுத்தூர்ல சொல்லி வைக்கிறேன்" என்பது மலையூர் மருந்துக்கடைகளில் பழகிப்போன பதில்.

இந்தச் சூழலில் கையில் உள்ள வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால், செலவில்லாத வழியே முதலிடம் பெறுகிறது என்பது என் முடிவு: பேட்சை மாற்றுவதற்கு முன் ஒட்டும் இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்.

அடிவயிறும் பிட்டமும்தான் இங்கே போட்டியிடும் இரண்டு இடங்கள். மார்பகத்தின் மீதோ அதன் அருகிலோ ஒருபோதும் ஒட்டக்கூடாது. அடிவயிறு கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும், கண்ணாடி தேவையில்லை. பெரும்பாலான பேட்ச்களின் குறிப்புத் தாளும் அதையே முதலில் சொல்கிறது. ஆனால் அந்தத் தாள் புடவை கட்டும் பெண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. இடுப்புக் கோட்டைத் தவிர்க்கவும் என்று அது சொல்லும்போது தொப்புளை ஒட்டிய கோட்டையே நாம் நினைத்துக்கொள்கிறோம். பாவாடை நாடாவைத் தொப்புளுக்குக் கீழே இறுக்குபவர்களுக்கு அந்தக் கோடே பேட்ச் இருக்க வேண்டிய இடத்தில் வந்து நிற்கிறது. அதற்கு மேல் கொசுவச் செருகல் வேறு. தேயிலை பறிக்கும் பெண்களுக்கு இது இன்னும் கடினம்: செடியின் ஈரம் உடையில் படாமலிருக்க இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டும் பிளாஸ்டிக் விரிப்பு நாள் முழுவதும் உரசுவதோடு, வியர்வையையும் உள்ளேயே அடைத்து வைக்கிறது.

பிட்டத்தின் மேல் வெளிப்பகுதி, அதாவது இடுப்பு ஊசி போடும் இடம், இந்தத் தொல்லைகளிலிருந்து பெரிதும் தப்பிக்கிறது. அங்கே தோல் குனியும்போதும் நிமிரும்போதும் அதிகம் மடிவதில்லை, நாடாவும் படாது, உட்காரும்போது உடல் எடை அழுத்துவது அதற்குக் கீழேதான். கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து இருக்கையோடு நாம் இடமும் வலமுமாக உரசும்போதுகூட அந்த மேல் மூலை பெரும்பாலும் தொடப்படுவதில்லை. குறை என்னவென்றால், பார்க்க முடியாது. தோள்பட்டை இறுகியவர்களுக்குக் கை எட்டாது. ஓரம் உரிந்திருந்தால் உடனே தெரியாது. வாங்கிய பேட்சின் குறிப்பு அந்த இடத்தை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டால், புடவையும் சுடிதாரும் உடுத்துபவர்களுக்கு நான் பிட்டத்தையே சொல்வேன். எந்த இடமானாலும் இடமும் வலமும் மாற்றி மாற்றி ஒட்டி, ஒரே புள்ளிக்கு ஒரு வாரம் கழியும் முன் திரும்பாமல் இருப்பது தோல் சிவந்து புண்ணாகாமல் காக்கும்.

இடத்தைப் போலவே ஒட்டும் நேரமும் முக்கியம். குளித்த உடனே, வெந்நீர் ஆவி தோலில் நிற்கும்போதே ஒட்டுவது பலருடைய வழக்கம். துடைத்த பின்னும் சற்று நேரம் ஈரம் கசியும் தோலில் பசை பிடிக்காது. சோப்பில் கிரீம் கலந்திருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் வெறும் தண்ணீரே போதும். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் உள்ளவர்கள் பேட்ச் மாற்றும் நாளைத் திங்கள், வியாழன் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் தேய்க்கும்போது அந்தப் பகுதியை விட்டுவிட வேண்டும். குளிரில் பசை இறுகியிருக்கும் என்பதால், உறையைக் கிழிக்காமலேயே சில நிமிடம் உள்ளங்கைகளுக்கிடையே வைத்துச் சூடாக்கி, ஒட்டிய பின் உள்ளங்கையை அதன் மேல் பதித்துக் குறைந்தது பத்து விநாடி அழுத்தி, பிறகு விரலால் ஓரங்களைச் சுற்றி வர வேண்டும். அந்தச் சூடு கையின் சூடாகவே இருக்கட்டும். வெந்நீர்ப் பையையோ மின் போர்வையையோ பேட்சின் மேல் வைத்தால் மருந்து தேவைக்கு மேல் உள்ளே இறங்கக்கூடும்.

இந்த மாவட்டத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. நீலகிரித் தைலம் பசையைக் கரைக்கும். சளிக்கும் முதுகு வலிக்கும் அதைத் தேய்த்துக்கொண்ட கையோடு பேட்சைத் தொட்டாலோ, முதுகில் தேய்த்தது இடுப்புக்கு வழிந்தாலோ, மறுநாள் காலை பேட்ச் போர்வையில் கிடக்கும். அதே குணத்தைப் பழைய பேட்ச் விட்டுச் செல்லும் கறுத்த பசைச் சட்டத்தை அகற்றப் பயன்படுத்தலாம் என்றாலும், தோல் எரியும் என்பதால் அதற்குச் சாதாரணத் தேங்காய் எண்ணெயே மேல். எண்ணெய் பட்ட அந்த இடத்தில் அடுத்த பேட்சை ஒட்டக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் உரிந்தால் மேலே டேப் போடும் யோசனை வருகிறது. கடையில் கிடைப்பவை மூன்று. மைக்ரோபோர் என்று கேட்டு வாங்கும் காகித டேப் மலிவானது, தோலுக்கு இதமானது, உரிக்கும்போது வலிக்காது. ஆனால் ஈரம் பட்டால் தளர்ந்துவிடும், ஐப்பசி மழையில் அரை நாள் தாங்கினால் அதிகம். துணியில் செய்த பழைய பாணி பிளாஸ்டர் உடும்புப் பிடியாகப் பிடிக்கும். கீழே வியர்வை தேங்கி, தோலை ஒரு படலம் கொண்டுதான் வெளியே வரும். மெனோபாஸுக்குப் பின் தோல் மெலிந்திருக்கும் வயதில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டெகாடெர்ம் போன்ற ஒளி ஊடுருவும் மெல்லிய படலம் விலையில் அதிகம் என்றாலும், வெளித் தண்ணீரை உள்ளே விடாமல், உள்ளிருக்கும் ஆவியை வெளியே விடும் தன்மை உடையது. மழைக்காலத்துக்கும் மேட்டுப்பாளையம் இறங்கும் நாளுக்கும் இதற்கு ஈடில்லை. உரிக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல் தோலுக்கு இணையாகப் பக்கவாட்டில் நீட்டினால் வலி குறையும். எந்த டேப்பாக இருந்தாலும் பேட்சை முழுவதும் மூடுவதைவிட நான்கு ஓரங்களிலும் போட்டோவுக்குச் சட்டம் போடுவது போல ஒட்டுவதே என் விருப்பம். முழுவதும் மூடுவது மருந்து இறங்கும் வேகத்தை மாற்றக்கூடும் என்பதால் அதை மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம்.

பேட்சின் வகையையே மாற்றுவது அடுத்த வழி. வாரம் ஒரு முறை மாற்றுவது, வாரம் இரு முறை மாற்றுவது என இரண்டு வகை உண்டு. ஒரே பேட்ச் ஏழு குளியல்களைத் தாங்க வேண்டும் என்பதைவிட மூன்று நான்கு குளியல்களைத் தாங்கினால் போதும் என்பது எளிய கணக்கு. உரிந்து விழுவதே சிக்கலாக இருப்பவர்கள் வாரம் இரு முறை வகையையே கேட்க வேண்டும். ஒரு பெரிய பேட்சுக்குப் பதிலாக இரண்டு சிறியவற்றை வெவ்வேறு இடத்தில் ஒட்டுவதும் மருத்துவர் சம்மதித்தால் நல்ல உத்தி, ஏனெனில் ஒன்று விழுந்தாலும் மற்றது வேலை செய்யும். கத்தரித்துச் சிறிதாக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். மருந்து நீர்மமாகப் பைக்குள் இருக்கும் வகையை வெட்டினால் முழு மருந்தும் கசிந்துவிடும்.

விழுந்த பேட்சில் பசை மிச்சமிருந்தால் அதையே வேறொரு உலர்ந்த இடத்தில் ஒட்டலாம். பிடிக்காவிட்டால் புதியதை ஒட்டி, மாற்றும் கிழமையை மட்டும் பழையபடியே வைத்துக்கொள்ள வேண்டும். பயன்படுத்திய பேட்சிலும் ஹார்மோன் மிச்சமிருக்கும். பசைப்பக்கம் உள்ளே போகும்படி மடித்து, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு அகற்றுவது எங்கும் நல்லதுதான். குப்பைக் கூடையைக் குரங்கு கவிழ்க்கும் ஊரில் கட்டாயம்.

இனி ஜெல். பேட்சைப் போலவே இதுவும் தோல் வழியாகச் செல்வதால், கல்லீரலை முதலில் சந்திக்காமல் நேரே இரத்தத்தில் கலக்கிறது. 0.06 சதவீத எஸ்ட்ராடியோல் ஜெல் வரும் பம்ப் புட்டியில் ஓர் அழுத்தத்துக்கு 1.25 கிராம் ஜெல், அதாவது 0.75 மில்லிகிராம் எஸ்ட்ராடியோல் வரும். இரண்டு அழுத்தம் ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் பேட்சுக்குச் சமம் என்று கணக்கிடுவார்கள். தோலுக்குத் தோல் ஈர்க்கும் அளவு மாறுவதால் அளவைத் தீர்மானிப்பவர் மருத்துவராகவே இருக்க வேண்டும். விழுவதற்கு எதுவும் இல்லை என்பதே ஜெல்லின் முதல் வெற்றி. பசை ஒவ்வாமையால் சதுரம் சதுரமாகத் தடித்துப் போனவர்களுக்கும் இதுவே விடிவு.

ஆயினும் மலை வாழ்க்கை ஜெல்லுக்கும் சில கேள்விகளை எழுப்புகிறது. நாள் தவறாமல் தடவ வேண்டும். தடவிய கையையோ தொடையையோ உலரும் வரை சில நிமிடம் திறந்து வைத்திருக்க வேண்டும். கோத்தகிரியில் மார்கழி அதிகாலையில் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருப்பது சொல்வதற்கு எளிது. குளிரில் உலர்வதும் மெதுவாகவே நடக்கும். ஜெல்லின் அடிப்படை ஆல்கஹால் என்பதால், உலரும் முன் கணப்பின் அருகிலோ வெந்நீர் அடுப்பின் அருகிலோ போகக்கூடாது. குளிர் காயவும் உலர்த்தவும் ஒரே இடத்தில் உட்காரும் பழக்கம் உள்ள வீடுகளில் இது உண்மையான ஆபத்து. தடவிய இடம் குழந்தையின் மேல் பட்டால் ஹார்மோன் அதற்கும் போய்ச் சேரும், ஆகவே பேரக் குழந்தையைத் தூக்கி வளர்க்கும் பாட்டி உலர்ந்த பின் அந்த இடத்தைத் துணியால் மூடிக்கொள்வதும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் தவறக்கூடாது. காலைக் குளிரைத் தவிர்த்து, மாலையில் வீட்டுக்குள் இருக்கும் நேரத்தில், ஒவ்வொரு நாளும் அதே வேளையில் தடவுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

மாத்திரையை நான் கடைசியில் வைப்பதற்கு வசதி காரணமல்ல. வசதியில் அதுவே முதல். விழாது, உலர்த்த வேண்டியதில்லை, மலையூர்க் கடையிலும் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் வாய் வழியாகச் செல்லும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலைக் கடப்பதால் இரத்தம் உறையும் ஆபத்தைச் சற்றே கூட்டுகிறது. வழக்கமான அளவில் பேட்சுக்கும் ஜெல்லுக்கும் அந்தக் கூடுதல் ஆபத்து காணப்படவில்லை. உடல் பருமன், ஒற்றைத் தலைவலி, குடும்பத்தில் இரத்தக் கட்டி வந்த வரலாறு ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் பேட்சைத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடும். பேட்ச் விழுகிறது என்ற எரிச்சலில் மட்டும் மாத்திரைக்குத் தாவினால் அந்தக் காரணம் கைநழுவிப் போகிறது. அப்படிப்பட்ட காரணம் எதுவும் இல்லாதவர்களுக்கு மாத்திரை தகாதது என்று நான் சொல்லவில்லை.

கருப்பை அகற்றப்படாதவர்கள் எந்த வழிக்கு மாறினாலும், கருப்பையின் உட்சவ்வு தடிக்காமல் காக்கும் புரொஜெஸ்டிரோனைத் தாமாக நிறுத்தக்கூடாது. ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டோஜனும் (புரொஜெஸ்டிரோன் வகை ஹார்மோன்) சேர்ந்த பேட்சை ஒட்டியவர் ஈஸ்ட்ரோஜன் மட்டுமே உள்ள ஜெல்லுக்கு மாறும்போது இது எளிதில் மறந்துபோகும். புதிய சீட்டில் இரவில் போடும் புரொஜெஸ்டிரோன் மாத்திரையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று கடைக்குப் போகும் முன் பார்த்துவிட வேண்டும். பேட்ச் அடிக்கடி விழும் நாட்களில் ஹார்மோன் அளவு ஏறி இறங்குவதால் இடையில் இரத்தக் கசிவு தோன்றலாம் என்றாலும், மாதவிடாய் நின்ற பின் வரும் கசிவுக்குப் பேட்சே காரணம் என்று வீட்டில் முடிவு செய்துகொள்ளாமல், விழுந்த தேதிகளையும் கசிந்த தேதிகளையும் காலண்டரில் குறித்து எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.