ரமழானா, கந்தசஷ்டியா: பருத்த உடம்புக்கு எது உதவும்?

விரதத்தை உடம்புக் கணக்கில் எடை போடுவது சிலருக்குப் பிடிக்காது. ஆனால் "எங்கட விரதம்தான் உடம்புக்கு நல்லது" என்ற பேச்சு வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் அடிபடுகிறது. சரி, பார்த்துவிடுவோம்.

உடற்பருமன் உள்ளவரின் கலங்களுக்கு எரிபொருள் அளவுக்கு மிஞ்சிப் போவதால் கலத்துக்குள் சக்தி உண்டாக்கும் இழைமணிகளில் (மைட்டோகொண்ட்ரியா), கலங்களைத் தாக்கும் சுயாதீன மூலிகங்கள் (free radicals) கூடுகின்றன. கொழுப்பிழையம் அழற்சியையும் தூண்டிவிடுகிறது. இந்த மூலிகங்களை அடக்கும் உடம்பின் காப்பு நொதியங்களால் ஈடுகொடுக்க முடியாத நிலைதான் ஒட்சியேற்ற அழுத்தம். எந்த விரதம் இதைக் குறைக்கும் என்பதுதான் இங்கே கேள்வி.

ரமழானில் கொழும்பு நோன்பு ஏறக்குறைய பதின்மூன்றரை மணித்தியாலம். ஈரலில் சேமித்த சீனி குறைந்து கொழுப்பு எரியத் தொடங்க அது போதும், அதுவும் ஒரு மாதம் தொடர்ந்து. ஷார்ஜாவில் அதிக எடையுள்ளவர்களிடம் செய்து 2019இல் வெளியான ஆய்வில், நோன்புக்குப் பிறகு காப்பு நொதியங்களுக்கான சில மரபணுக்கள் கூடுதலாக இயங்கின. கொழுப்பு ஒட்சியேறிச் சிதையும்போது உண்டாகும் மாலன்டயல்டிஹைட் போன்ற சேத அளவீடுகளில் மட்டும் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. எடை ஒன்றிரண்டு கிலோ இறங்கும். பெருநாள் முடிந்து சில வாரங்களில் பெரும்பாலும் திரும்பிவிடும்.

கந்தசஷ்டி ஆறு நாள்தான். ஒருவர் பாலும் பழமும், இன்னொருவர் இரவில் ஒரு நேரச் சோறு, மற்றவர் இளநீர் மட்டும். இதை ஒரே விரதமாக எப்படி அளப்பது? அந்த ஆறு நாளில் இறங்கும் எடையில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீர் குடிக்கலாம் என்பது மட்டும் இந்த வெக்கையில் பெரிய அனுகூலம். தவக்காலத்தில் கத்தோலிக்கருக்குக் கட்டாய உபவாசம் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே, அதை இந்தப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம்.

ஒழுங்காகப் பிடித்தால் என் ஓட்டு ரமழானுக்கு. ஆனால் நோன்பு திறக்கும் மேசையில் அந்த ஓட்டு பறிபோகலாம். பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பை கஞ்சி என்று நிறுத்தினால் பிரச்சினை இல்லை. அப்புறம் வருகின்றன திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்த ரோல்ஸ், சமோசா, மேலே ஒரு பலூடா. கொழுப்பும் சீனியும் நிறைந்த ஒரே சாப்பாடே சில மணித்தியாலம் ஒட்சியேற்ற அழுத்தத்தை ஏற்றிவிடும், பருத்தவர்களில் இன்னும் கூடுதலாக. பாரணையன்று, அதாவது விரதம் முடிக்கும் நாளில், வடை பாயாசத்தோடு வாழையிலை நிறையச் சாப்பிடுபவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

நீரிழிவுக்கு கிளிக்லசைட் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் எந்த விரதமென்றாலும் முன்கூட்டியே டொக்டரிடம் கேட்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இரத்தத்தில் சீனி 70 mg/dLக்குக் கீழே இறங்கினால் அந்த இடத்திலேயே விரதத்தை முறிப்பதுதான் சரி. நோயாளிக்கு இஸ்லாமே விலக்குக் கொடுத்திருக்கிறது.