பாக்கெட் கேக்: பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள்

மகன் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு மளிகைச் சீட்டில் பாக்கெட் கேக் இல்லாத மாதமே இல்லை. பிரிட்டானியா, சன்ஃபீஸ்ட், எலைட், லோட்டே சாக்கோ பை என எல்லாம் வந்து போயிருக்கின்றன. இத்தனை வருஷத்தில் நான் கண்டது: சென்னையில் எந்தக் கம்பெனி என்பதைவிட எந்தக் கடை, எந்த மாதம் என்பதுதான் முக்கியம்.

எங்கள் வீட்டில் அதிகம் ஓடுவது ஃப்ரூட் கேக். அதில் சிவப்பும் பச்சையுமாகத் தென்படும் டுட்டி ஃப்ருட்டி பெரும்பாலும் பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் செய்வது. முட்டை சேர்த்தது மெத்தென்று இருக்கும். சேர்க்காதது வெட்டும்போதே உதிரும். உறையில் பழுப்பு முக்கோணம் இருந்தால் முட்டை இருக்கலாம், பச்சைப் புள்ளி இருந்தால் இல்லை.

வீட்டில் செய்த கேக் இந்தப் புழுக்கத்தில் சில நாள் தாங்கினாலே அதிகம். பாக்கெட் கேக் மட்டும் எப்படி மாதக்கணக்கில் நிற்கிறது? பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் சேர்பொருள் எண்களில் இருக்கிறது பதில். 422 என்றால் கிளிசரால், 420 என்றால் சார்பிட்டால். இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். 202 பொட்டாசியம் சார்பேட், 282 கால்சியம் புரோப்பியனேட். இவை பூஞ்சையை வளரவிடாது. எது எடையில் அதிகமோ அதுதான் சேர்மானப் பட்டியலில் முதலில் வரும். சர்க்கரை முதலில் நின்றால் நான் அப்படியே திருப்பி வைத்துவிடுவேன்.

ஆனால் சீல் விட்டுப்போனால் இந்த எண்களெல்லாம் வீண். ஒருமுறை தேதி முடிய இன்னும் நாள் இருந்தும் உள்ளே பச்சையாகப் பூசணம். உறையின் ஓரத்தைப் பார்த்தால் ஒட்டு லேசாகப் பிரிந்திருந்தது. அப்புறம் எந்தப் பாக்கெட்டையும் மெதுவாக அழுத்திப் பார்க்காமல் வாங்குவதில்லை. காற்று இறங்கித் தொளதொளவென்று இருந்தால் வேண்டாம். வெயில் விழும் இடத்தில் சரம் சரமாகத் தொங்கவிட்டிருக்கும் கடையிலும் வாங்க வேண்டாம்.

சாக்லேட் பூசிய குட்டி கேக்கான சாக்கோ பை தனிக் கதை. தென்கொரியாவில் 1974-ல் ஓரியன் கம்பெனி கொண்டுவந்தது. பின்னால் லோட்டேயும் செய்ய ஆரம்பித்தது. 2004-ல் நம்மூர் பாரிஸ் (Parrys) மிட்டாய்க் கம்பெனியை லோட்டே வாங்கியது. சென்னைக்கு வெளியே நேமத்தில் அவர்களுக்குத் தொழிற்சாலை இருக்கிறது. நடுவில் இருக்கும் மெத்தென்ற வெள்ளை இனிப்பான மார்ஷ்மெல்லோவுக்குப் பொதுவாக ஜெலட்டின் சேர்ப்பார்கள், அது விலங்கிலிருந்து வருவது. இங்கே விற்பதில் அது இல்லை, பச்சைப் புள்ளியோடு வருகிறது. சைவக்காரர் வீட்டுப் பிறந்தநாளுக்கும் தயங்காமல் கொண்டுபோகலாம். என் மகனுக்கு இதுதான் உயிர். ஆனால் அக்னி நட்சத்திர நாட்களில் சாக்லேட் பூச்சுள்ள எதையும் ஸ்கூல் டப்பாவில் வைக்காதீர்கள்; மதியத்துக்குள் உறையோடு ஒட்டிக்கொள்ளும்.

விலைக்கு வந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் கேக்குக்கான ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. கையிருப்பில் பழைய பாக்கெட் கிடந்தால் அச்சிட்ட விலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரித்த கேக்கை ஃப்ரிட்ஜில் திறந்தபடி வைத்தால் விறைத்துப்போகும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, இரண்டு நாளில் தீர்த்துவிடுவது எங்கள் வழக்கம்.